பால்டிக் நாடுகளின் பழைய சமயமும் இன்றைய நிறுவல் கலையும்

கேள்வி இதுதான்: லிதுவேனிய, லாட்வியக் கலைஞர்களின் நிறுவல்களிலும் (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்கும் கலை) நிகழ்த்துகலையிலும் நெருப்பு, தேன், வைக்கோல், பாம்பு, கூட்டுப் பாட்டு எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கிறித்தவத்துக்கு முந்தைய பால்டிக் சமயம் உண்மையிலேயே அவற்றில் வாழ்கிறதா, இல்லை அழகுக்காக எடுத்து ஒட்டிக்கொண்டார்களா? எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

இரண்டும் நடக்கிறது. ஒட்டவைத்த அலங்காரம் நிறையவே உண்டு. கல்லாய் இறுகிய மரப்பிசினான அம்பர் மணி, ஓக் மரம், இடிக்கடவுளின் தாடி என்று சுற்றுலாக் கடை அளவிலேயே நின்றுபோகும் வேலைகளை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மற்றவற்றை அடையாளம் காண எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. படைப்பில் எந்தத் தெய்வத்தின் உருவம் இருக்கிறது என்று தேட வேண்டாம். ஒரு சடங்கு செய்கிற வேலையை, அதாவது ஆட்களை ஒன்றுசேர்த்து, ஒரு பொருளைக் கையாள வைத்து, காலத்தை வேறு மாதிரி உணரவைக்கும் வேலையை, அந்தப் படைப்பு செய்கிறதா என்று பாருங்கள். அந்தச் சமயம் எப்படி நமக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பால்டிக் கடலோரம் மூன்று நாடுகள் இருந்தாலும், மொழியாலும் பழைய சமயத்தாலும் பால்டிக் மக்கள் என்றால் லிதுவேனியரும் லாட்வியரும்தான். எஸ்தோனியர் பின்லாந்து மொழியும் அடங்கிய பின்னிக் மொழிக்குழுவைச் சேர்ந்தவர்கள்; அவர்களுடைய மரபு வேறு. மூன்றாவதாகப் பழைய பிரஷ்யர்கள் இருந்தார்கள். ஜெர்மானிய வீரத்துறவிகளான டியூடானிக் படையின் கீழ் வந்து, மெல்ல மெல்லத் தங்கள் மொழியை இழந்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்த மொழி பேச ஆளில்லாமல் போனது.

ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்தவத்துக்கு மாறிய அரசு லிதுவேனியா. கோமகன் யோகைலா போலந்து அரியணைக்காக மதம் மாறி, 1387-இல் நாட்டுக்கும் ஞானஸ்நானம் செய்வித்தான். மேற்கே ஜெமைட்டியா பகுதி 1413-இல்தான் மாறத் தொடங்கியது. இவ்வளவு பிந்தி மாறியும் அந்தச் சமயத்தைப் பற்றி அதன் ஆட்களே எழுதிய ஒரு வரிகூட இல்லை. கோயில் கட்டடம் இல்லை, வேத நூல் இல்லை. இருப்பதெல்லாம் எதிரிகள் எழுதிவைத்த குறிப்புகள். டியூடானிக் படையின் பாதிரியாரான டூஸ்பர்க் பீட்டர் 1326-இல் எழுதிய வரலாற்றில், ரொமோவே என்ற இடத்தில் கிரிவே என்ற தலைமைப் பூசாரி இருந்ததாகவும், அவரைப் போப்பாண்டவரைப் போல மக்கள் மதித்ததாகவும் சொல்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் சைமன் குருனாவ் என்ற துறவி அதோடு ஒரு பெரிய ஓக் மரத்தையும், அதில் குடியிருந்த மூன்று தெய்வங்களையும் சேர்த்தார். அது அவருடைய கற்பனை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1835-இல் நார்பட் என்ற வரலாற்றாசிரியர் ஒரு முழுத் தெய்வக் குடும்பத்தையே அடுக்கினார். அவர் முன்வைத்த காதல் தெய்வம் மில்டாவுக்கு அதற்கு முந்தைய நம்பகமான சான்று கிடையாது. ஆனாலும் இன்று மில்டா என்ற பெயர் லிதுவேனியப் பெண்களிடையே சர்வசாதாரணம். ஆக, தெய்வ உருவங்களை நம்பி வேலை செய்யும் கலைஞர் பல நேரம் 19-ஆம் நூற்றாண்டுக் கற்பனையைத்தான் சிலையாக்குகிறார்.

நம்பிக்கையோடு பிடித்துக்கொள்ள இருப்பவை பாட்டும் பழக்கமும். லாட்வியாவில் கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்ற மனிதர் நாட்டார் பாடல்களைச் சிறு சிறு காகிதத் துண்டுகளில் எழுதி, 1880-இல் அதற்கென்றே செய்வித்த இழுப்பறை அலமாரியில் வகைபிரித்து அடுக்கினார். நாலு வரிப் பாடல்களே அதிகம். அச்சான தொகுப்பில் மொத்தம் 217,996. இந்தப் பாடல்களுக்குத் தைனா என்று பெயர். சூரியன் இங்கே பெண், நிலா ஆண். விதியைத் தீர்மானிப்பவள் லைமா. எழுத்தில் இல்லாத சமயம் இந்தத் துண்டுக் காகிதங்களில் இருக்கிறது. அலமாரி இப்போது ரிகாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பால்டிக் நாடுகளின் மிகச் சிறந்த நிறுவல் அதுதான். அப்படி நினைத்து அவர் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

லிதுவேனிய வீடுகளில் அடுப்பு நெருப்பைக் கபியா என்ற பெண் தெய்வமாக நடத்தினார்கள். இரவில் தணலைச் சாம்பலால் மூடும்போது வீட்டுக்காரி அவளைப் படுக்கவைப்பதாகச் சொல்லி வேண்டிக்கொள்வாள். கபியா கழுவிக்கொள்ள அடுப்பருகே ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வைப்பாள். உப்பும் ரொட்டியும் அவளுக்குப் படையல். இதில் சிலை எங்கே இருக்கிறது? ஒரு கிண்ணம், ஒரு கைச்செயல், ஒரு சொல். சமகாலக் கலைஞருக்கு இது எவ்வளவு நெருக்கமான மொழி என்பது பார்த்த உடனேயே தெரியும்.

இனி சோவியத் காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் விழுந்தது. 1967-இல் யோனாஸ் டிரின்கூனாஸ் என்ற இளைஞரும் நண்பர்களும் கெர்னவே என்ற பழைய கோட்டைமேட்டு ஊரில் கோடைகாலச் சங்கிராந்தி விழாவான ரஸோஸை நடத்தினார்கள். தீ மூட்டினார்கள், பாடினார்கள், மாலைகளில் மெழுகுவத்தி ஏற்றி ஆற்றில் விட்டார்கள், உதயம்வரை விழித்திருந்தார்கள். நாட்டார் வழக்காறு என்ற பெயரில் நடந்ததால் முதலில் விட்டுவைத்த அதிகாரிகள், 70-களின் தொடக்கத்தில் இயக்கத்தை முடக்கினார்கள். 1973-இல் டிரின்கூனாஸ் பல்கலைக்கழக வேலையை இழந்தார். ஒரு வயல்வெளியில் நாலு பேர் கூடி நெருப்பு மூட்டுவது ஒரே சமயத்தில் வழிபாடாகவும், அரசியல் செயலாகவும், பார்வையாளரே இல்லாத நிகழ்த்துகலையாகவும் இருந்த காலம் அது. உளவுத்துறைதான் ஒரே பார்வையாளர்.

அடுத்த தலைமுறை இதைக் கலைக்குள் கொண்டுவந்தது. 1988-இல் அனிக்ஷ்சியாய் ஊருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் இளம் இசையமைப்பாளர்கள் ஹாப்பனிங் விழா, அதாவது அந்தக் கணத்தில் நிகழ்ந்து முடியும் கலைச்செயல்களின் விழா, நடத்தினார்கள். 1989-இல் கௌனாஸ் நகரில் 'போஸ்ட் ஆர்ஸ்' குழு உருவானது. செஸ்லோவாஸ் லுகென்ஸ்காஸ், அலெக்சாஸ் அந்த்ரியுஷ்கெவிச்சியுஸ், ராபர்டாஸ் அன்டினிஸ், கின்டாராஸ் ஜின்கெவிச்சியுஸ் ஆகிய நால்வர். மண், ரொட்டி போன்ற, கையால் தொடவும் வாயால் தின்னவும் கூடிய பொருட்களில்தான் அவர்கள் வேலை. லுகென்ஸ்காஸின் 'வீசியெறியப்பட்ட மனிதன்' படவரிசையில் ஓர் உடல், யாரோ தூக்கிப்போட்டுவிட்டுப் போனதுபோல வெட்டவெளியில் கிடக்கிறது. அதில் பழைய சமயத்தின் குறியீடு எதுவும் கிடையாது. ஆனால் நிலத்தை வெறும் பின்னணியாக வைக்காமல், உடலை வாங்கிக்கொள்ளும் ஒன்றாக வைத்திருக்கிறார்.

அன்டினிஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒரு தொடர்ச்சி உண்டு. அவருடைய அப்பாவின் பெயரும் ராபர்டாஸ் அன்டினிஸ்தான், சிற்பி. 1960-இல் பலாங்கா பூங்காவில் 'பாம்புகளின் ராணி எக்லே' சிலையைச் செய்தவர். குளித்துவிட்டுக் கரையேறும் எக்லேயின் சட்டைக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது, கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் விலகுவேன் என்கிறது. அவள் கடலுக்கடியில் அந்தப் பாம்பரசன் ஜில்வினாஸுடன் வாழ்ந்து பிள்ளைகள் பெறுகிறாள். பிறந்த வீட்டுக்கு வரும்போது அவளுடைய பன்னிரண்டு அண்ணன்மார் கணவனை அரிவாளால் வெட்டிக் கொல்கிறார்கள். துக்கத்தில் பிள்ளைகளை ஓக், ஆஷ், பிர்ச், ஆஸ்பென் மரங்களாக்கிவிட்டுத் தானும் ஸ்ப்ரூஸ் மரமாகிறாள். சிலை நிற்கும் அதே பூங்காவில்தான் பிருதே குன்றும் இருக்கிறது. பழைய காலத்தில் அந்தக் குன்றில் வழிபாட்டிடம் இருந்தது. அங்கே தீ காத்த பிருதே பின்னாளில் கோமகன் விடவுதாஸின் தாயானாள் என்பது மரபுக்கதை. அப்பா அந்தத் தொன்மத்தை வெண்கலத்தில் வார்த்தார், அதுவும் சோவியத் ஆட்சியில். மகனோ உருவத்தைக் கைவிட்டு, செயலை எடுத்துக்கொண்டார். நான் மேலே சொன்ன அளவுகோல் இந்த ஒரே குடும்பத்துக்குள் அப்படியே தெரிகிறது.

90-களில் எக்லே ரகாவுஸ்கைதே என்ற லிதுவேனியக் கலைஞர் வந்தார். 1995-இல் அவர் செய்த 'பொறி. சொர்க்கத்திலிருந்து வெளியேற்றம்' நிகழ்ச்சியில் வெள்ளை உடையணிந்த 13 பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருத்தியின் பின்னல் அடுத்தவளின் பின்னலோடு சேர்த்துப் பின்னப்பட்டிருக்கிறது. ஒருத்தி தலையைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவளுக்கு இழுக்கும். லிதுவேனியக் கிராமத்தில் பின்னல் என்பது கன்னிமையின் அடையாளம்; கல்யாணத்தில் அதை அவிழ்த்துத் தலையை வெள்ளைத் துணியால் மூடுவது ஒரு பெரிய சடங்கு. அந்தச் சடங்கின் இனிமையையும் அதன் பிடியையும் ரகாவுஸ்கைதே சேர்த்தே காட்டிவிட்டார். பழமையைப் புகழ்ந்துகொண்டே இருக்கும் வேலைகளுக்கு நடுவில் இந்த நேர்மை எனக்கு ரொம்ப முக்கியம்.

அடுத்த ஆண்டு அவர் செய்த 'தேனில்' என்ற வேலை வீடியோவாக இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைபோல முடங்கி, மூச்சுவிட ஒரு குழாயை மட்டும் வைத்துக்கொண்டு, தேனுக்குள் அமிழ்ந்து கிடக்கிறார். நிறம் அம்பருக்குள் மாட்டிய பூச்சியை நினைவூட்டும். தேன் அந்த ஊரில் வெறும் உணவுப்பொருள் கிடையாது. தேனீக்குக் காவலாக ஆஸ்டேயா என்ற பெண் தெய்வத்தை 16-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. தேனீக்கூட்டத்தைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் உறவுக்காரர்களாகவே பழகுவார்கள். செத்த தேனீயை மண்ணில் புதைப்பார்கள். இதையெல்லாம் அந்த வீடியோ வாய்விட்டுச் சொல்வதில்லை. அதைச் சமயக் கலை என்று முத்திரை குத்தவும் மாட்டேன். ஆனால் இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு அந்த உடல் கிடக்கும் இடம் பாதுகாப்பாகவும் மூச்சு முட்டுவதாகவும் ஒருசேரத் தோன்றும்.

லாட்வியாவின் கதை கொஞ்சம் வேறு தடத்தில் போகிறது. அங்கே பழைய சமயத்தை மீட்கும் தியெவ்துரி இயக்கத்தை 1925-இல் தொடங்கிய எர்னெஸ்ட்ஸ் பிராஸ்டின்ஷே ஓர் ஓவியர்தான். சோவியத் அரசு அவரைக் கைதுசெய்து 1942-இல் சுட்டுக் கொன்றது. பிற்காலத்தில் அதே இயக்கத்தின் தலைமைக்கு வந்த வால்டிஸ் ட்செல்ம்ஸ், 70-களில் லாட்வியாவில் அசையும் (கைனெடிக்) சிற்பங்கள் செய்த முன்னணிக் கலைஞர்களில் ஒருவர். விளக்குகளும் சுழலும் வடிவங்களும் கொண்ட அவருடைய 'பாசிட்ரான்' 1976-ஆம் ஆண்டு வேலை. மின்சார ஒளியோடு விளையாடியவர் பின்னர் நாட்டார் நெசவில் வரும் சூரிய, நெருப்புக் குறிகளை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். சிலர் இதை நவீனத்திலிருந்து பின்வாங்கியதாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுழற்சி, தாளம், ஒளி என்று அவர் தேடியது கடைசிவரை ஒன்றேதான்.

அதே காலத்தில் ஹார்டிஸ் லெடின்ஷும் யூரிஸ் போய்கோவும் ரிகாவிலிருந்து போல்டெராயா என்ற புறநகருக்குத் தண்டவாளத்தின் வழியே நடந்தார்கள். 1980 முதல் 1987 வரை ஆண்டுக்கு ஒருமுறை. தெய்வம் கிடையாது, வேண்டுதல் கிடையாது, தொன்மமும் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் அதே வழியில் நடப்பதே அதற்கு ஒரு யாத்திரையின் வடிவத்தைக் கொடுத்துவிட்டது.

பாட்டுக்கு வருவோம். வடகிழக்கு லிதுவேனியாவில் சுடார்டினேஸ் என்று ஒரு பழைய பாட்டு வகை உண்டு. பெரும்பாலும் பெண்கள், இரண்டு பேரோ மூன்று பேரோ நாலு பேரோ பாடுவார்கள். இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் போகும், அடுத்தடுத்த சுரங்களில் உரசிக்கொண்டே. நம் காதுக்கு முதலில் அபசுரம் என்று படும். பாடுபவர்கள் அந்த உரசலைச் சரிசெய்ய முயல்வதில்லை. அந்த அதிர்வுதான் அதன் ருசி. பொருளில்லாத பல்லவிச் சொற்கள் சுற்றிச் சுற்றி வரும், தொடக்கமும் முடிவும் தெரியாது. இதற்கு 2010-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் 2019-இல் தங்கச் சிங்கம் விருது வென்ற லிதுவேனிய அரங்கின் 'சூரியனும் கடலும்' வேலையைப் பலரும் பருவநிலை மாற்றம் பற்றிய ஓபரா என்றே அறிவார்கள். செயற்கைக் கடற்கரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்கள் பாடுவார்கள், நாம் மேல்தளத்தில் நின்று குனிந்து பார்ப்போம். ருகிலே பார்ஸ்ஜியுகைதே, வைவா கிரைநீதே, லினா லபேலீதே மூவரும் சேர்ந்து செய்தது. லபேலீதேயின் இசையில் சின்னச் சின்னத் துணுக்குகள் திரும்பத் திரும்ப வந்து, தனிக்குரல் கூட்டத்துக்குள் கரைந்துபோகும். அதைக் கேட்கும்போது எனக்குச் சுடார்டினேஸின் நிழல் தெரிகிறது. கலைஞர்கள் அப்படி அறிவித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது என் காது சொல்வது. 2020-இல் ரிகா பினாலேவுக்காக லபேலீதேயும் மண்டாஸ் பெட்ரைட்டிஸும் துறைமுகத்தை ஒட்டிய நீரில் சுமார் 2000 மரத்தடிகளை மிதக்கவிட்டார்கள். ஆற்றில் தெப்பம் கட்டி மரம் ஓட்டிய பழைய தொழிலின் நினைவு அது.

வைக்கோலை மறந்துவிடக் கூடாது. கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் தாளை நறுக்கி, நூல் கோத்து, எண்முக வடிவங்களாகக் கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவது 'சோதாய்'. கல்யாண மேசைக்கு மேலும் தொட்டிலுக்கு மேலும் தொங்கும். எடையே இல்லாததால், யாராவது கதவைத் திறந்தாலே மெல்லத் திரும்பும். 2023-இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதைப் பெரிதாக்கிக் கண்காட்சிக் கூடத்தில் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அளவு பெருகியதும் அந்த அசைவு செத்துப்போகிறது. அதைவிட வலுவான வழி எரிப்பது. குரோனியன் மணல்திட்டில் யுவோட்கிராண்டே ஊரருகே நாணலால் செய்த சிற்பங்களைக் காயல் நீரிலேயே நிறுத்துவார்கள். பறவை, மீன், இன்னும் என்னென்னவோ. வில்னியஸில் நேரிஸ் ஆற்றங்கரையில் வைக்கோல் சிற்பங்கள் செப்டம்பரில், பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி, எரியூட்டப்படும். செய்தவர்களே பார்த்துக்கொண்டிருக்க அது சாம்பலாகும். விற்கவோ சேமிக்கவோ முடியாத சிற்பம் என்பது கலைச்சந்தைக்கு ஒரு பதில்.

பாம்பு பற்றிச் சொல்ல எமிலியா ஷ்கார்னுலீதே வேண்டும். இன்று இந்தத் தளத்தில் இயங்குபவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். 2013-இல் எடுத்த 'அல்டோனா' அவருடைய பாட்டியைப் பற்றிய குறும்படம். 1986 வசந்தத்தில் பாட்டிக்குப் பார்வை போனது. செர்னோபில் கதிர்வீச்சே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அந்தப் பாட்டி, கழற்றியெடுத்த சோவியத் சிலைகளைக் குவித்துவைத்த குரூடாஸ் பூங்காவில், சிலைகளின் முகங்களைக் கையால் தடவித் தடவி அறிகிறார். தெய்வச்சிலையைத் தொடுவதற்கும் வீழ்ந்த அதிகாரத்தைத் தொடுவதற்கும் இடையில் அந்தக் கை நிற்கிறது. 2017-இல் 'சைரனோமீலியா'வில் ஷ்கார்னுலீதே தானே மீன்வால் கட்டிக்கொண்டு, நார்வேயில் கைவிடப்பட்ட பனிப்போர்க் கால நீர்மூழ்கித் தளத்துக்குள் நீந்துகிறார். 2022-இல் வந்த 'அடக்கம்' லிதுவேனியாவின் இக்னாலினா அணுமின் நிலையம் பற்றியது. செர்னோபில் வகை உலைகள் கொண்ட அந்த நிலையம் 2009 கடைசி நாளில் முழுவதுமாக மூடப்பட்டது. பிரித்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையின் பொத்தான்கள் மேல் ஒரு பாம்பு நிதானமாக ஊர்ந்து போகிறது.

லிதுவேனியக் கிராமங்களில் ஜால்டிஸ் என்ற விஷமற்ற பாம்பை வீட்டுத் தெய்வம்போல வைத்துப் பால் வைப்பார்கள். அதைக் கொன்றால் சூரியன் அழுவாள் என்பது நம்பிக்கை. படத்தில் வருவது அந்த உள்ளூர்ப் பாம்பு இல்லை, பெரிய மலைப்பாம்பு. ஆனாலும் வீட்டைக் காக்கும் பாம்பு என்ற நினைவு இல்லாமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. கதிரியக்கக் கழிவைப் பல்லாயிரம் ஆண்டு யார் காப்பது? அந்தக் கேள்விக்குப் பொறியியல் மொழி மட்டும் போதவில்லை என்று ஷ்கார்னுலீதே கண்டிருக்கிறார். பழைய சமயம் இங்கே அலங்காரமாக வரவில்லை, தேவையால் வருகிறது.

மரியா கிம்புடாஸைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 1921-இல் வில்னியஸில் பிறந்து, இளவயதில் நாட்டார் பாடல் சேகரித்து, போரில் நாட்டைவிட்டு ஓடி, கலிபோர்னியாவில் தொல்லியல் பேராசிரியரானவர். பழைய ஐரோப்பா தாய்த்தெய்வத்தை வழிபட்டது, அதன் எச்சம் பால்டிக் நாட்டார் மரபில் இருக்கிறது என்றார். தொல்லியலாளர்களில் பலர் இதை அளவுக்கு மீறிய முடிவு என்கிறார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. கலையில் அதன் விளைவு பெரிது. அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் மேரி பெத் எடல்சன் 1977-இல் கிம்புடாஸ் எழுதியதைப் படித்துவிட்டு, குரோஷியாவின் ஹ்வார் தீவுக் குகையைத் தேடிப்போய் அங்கே தனியாகச் சடங்கு செய்து படமெடுத்தார்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். லாட்வியாவில் 1933-இல் உருவான பாசிசக் கட்சி தன் பெயரையே 'இடிச்சிலுவை' என்ற நாட்டார் குறியிலிருந்து எடுத்தது. சுவஸ்திகா வடிவிலான அந்தக் குறி பாட்டிமார் பின்னிய கையுறைகளிலும் இருக்கிறது. இரண்டும் உண்மை. 'எங்கள் தூய இரத்தத்தின் சமயம்' என்ற பேச்சு இன்றும் ஓரங்களில் கேட்கிறது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குறியைக் கண்காட்சியில் மாட்டுவது பொறுப்பில்லாத வேலை.

வழிபடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கலை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். லிதுவேனியாவின் 2011 கணக்கெடுப்பில் 5000 பேருக்குச் சற்று மேல் தங்களை ரோமுவா, அதாவது டிரின்கூனாஸ் தலைமையில் பழைய சமயத்தை மீட்ட இயக்கத்தார், என்று பதிவுசெய்தார்கள். டிரின்கூனாஸ் 2014-இல் இறந்தபின் அவருடைய மனைவி இனியா டிரின்கூனியெனே தலைமைப் பூசாரி. அரசு அங்கீகாரம் கேட்ட ரோமுவாவை 2019-இல் நாடாளுமன்றம் நிராகரித்தது; 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது; 2024 டிசம்பரில் அங்கீகாரம் கிடைத்தது. அவர்கள் தீ மூட்டி, தானியமும் உப்பும் இட்டு, பாடும்போது அது யாருக்கும் காட்டுவதற்கான கலை கிடையாது. கலைஞர்கள் அங்கே கடன் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், முதலில் காதிலிருந்து: சுடார்டினேஸ் பதிவு ஒன்றை, பிடிக்காவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள். அப்புறம் 'அல்டோனா', 'அடக்கம்' இரண்டையும் திரைவிழாக்களில் கிடைக்கும்போது விடாதீர்கள். நேரில் போக வாய்த்தால் ஜூன் 23 வாக்கில் கெர்னவே, ஆகஸ்ட் கடைசியில் ஜராசாய் ஊரில் நடக்கும், 1995-இல் தொடங்கிய 'மேனுவோ யுவோதராகிஸ்' இசை விழா, செப்டம்பர் 22 வாக்கில் நேரிஸ் கரை. மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் செப்டம்பரைச் சொல்வேன். அன்று பால்டிக் ஒற்றுமை நாளும்கூட. நகரத்துக்கு நடுவில் நடப்பதால் டிக்கெட்டோ அழைப்போ வேண்டாம், வேலைமுடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள்.